ஆயிரத்துப் பதினெட்டு விளையாட்டுகளின் சோதனை அறிக்கை

எங்கள் மறுவாழ்வு நிலையத்தில் என்னுடைய வேலை மற்றவர்கள் பேசுவதை எழுதி வைப்பது. கூட்டம் நடந்தால் நடவடிக்கைக் குறிப்பு எழுதுவேன். கூட்டம் நடக்காவிட்டால் ஏன் நடக்கவில்லை என்று குறிப்பு எழுதுவேன். பதினோரு வருடங்களில் எந்தக் கூட்டத்திலும் யாரும் என்னைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டதில்லை, "ஏம்பா, அந்த ஜன்னலைச் சாத்து" என்பதைத் தவிர. இப்போது சொல்லப்போகிற விஷயம் எந்தக் குறிப்பேட்டிலும் ஏறவில்லை. ஏற்றாமல் விட்டவன் நான்தான். அந்த வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

விஷயம் ஒரு வீடியோ கேம் பெட்டி. சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. டிவியில் நேராகச் செருகினால் போதும், உள்ளேயே பழைய காலத்து விளையாட்டுகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். கூடவே இரண்டு கண்ட்ரோலர்கள். கடைக்குப் போனால் பத்து நிமிட வேலை. எங்கள் கைப்பயிற்சிப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் பிசியோ மேடம்தான் அதைக் கேட்டு ஒரு பக்க விண்ணப்பம் கொடுத்தார்.

காரணம், இரண்டாம் வார்டில் இருந்த தையல்கார அக்கா. கண்ணாடிக் கதவு உடைந்து விழுந்ததில் அவருடைய வலது கையில் நரம்பும் தசைநாரும் அறுந்துபோய், வேறு ஆஸ்பத்திரியில் தைத்து, பயிற்சிக்காக எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். தைத்த கையை மெதுவாக, தினமும், பல நூறு தடவை அசைக்க வேண்டும். ரப்பர் பந்தைக் கொடுத்தால் பத்து தடவை அமுக்கிவிட்டு வலி தாங்காமல் அழுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அனுமதி வாங்கித் தங்கை வீட்டுக்குப் போனவர், அங்கே தங்கை மகளோடு இந்த மாதிரி ஒரு பெட்டியில் நாற்பது நிமிடம் ஆடியிருக்கிறார். வலியே தெரியவில்லையாம். அவர் திரும்பி வந்து சொன்னதும் பிசியோ மேடம் தன் கைக்காசில் ஒன்றை வாங்கி வந்தார். வெளி மின்கருவி உள்ளே வரக்கூடாது என்று வாசல் காவலர் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். பிறகுதான் விண்ணப்பம்.

விண்ணப்பத்தை என் மேஜையில் வைத்தபோது மேடம் சொன்னார்: "தம்பி, ஆபரேஷன் முடிஞ்சு மூணு வாரம் ஆச்சு. பன்னெண்டாவது வாரத்துக்குள்ள விரல் எவ்வளவு மடங்குதோ அவ்வளவுதான். அதுக்கப்புறம் தலைகீழா நின்னாலும் வராது. கொஞ்சம் சீக்கிரம் மேல அனுப்புங்க."

அன்றைக்கே அனுப்பினேன். அதுவரை நான் நல்லவன்.

கொள்முதல் குழுவில் மூன்று பேர். தலைவர், எங்கள் கண்காணிப்பாளர். அடுத்தவர் மின்பிரிவுப் பொறியாளர், சட்டைப் பையில் எப்போதும் அளவு நாடா வைத்திருப்பவர். மூன்றாமவர் நிர்வாக அதிகாரி. விதிப் புத்தகத்தைத் தலைகீழாகக் கேட்டாலும் ஒப்பிப்பார் என்பதால் நிலையம் முழுக்க அவருக்கு விதிப்புலி என்று பெயர். அந்தப் பெயர் அவருக்கும் தெரியும், பிடிக்கவும் செய்யும்.

முதல் கூட்டத்தில் விண்ணப்பத்தை வாசித்ததுமே விதிப்புலிக்கு மூக்கு வியர்த்தது.

"'பழைய காலத்து'ன்னு போட்டிருக்கே. பழைய பொருள் வாங்க நமக்கு அனுமதி கிடையாதேம்மா."

"சார், பெட்டி புதுசு. விளையாட்டுதான் பழசு," என்றார் பிசியோ மேடம்.

"அப்ப பழசை உள்ள வச்சுப் புதுசுன்னு விக்கிறாங்க. இது ஏமாத்து வேலை இல்லையா?"

"இல்ல சார், அது ஒரு ரசனை."

"ரசனைக்கு விதியில எடம் இல்லம்மா."

நாற்பது நிமிட விவாதத்துக்குப் பிறகு 'பழைய காலத்து' என்பதை அடித்துவிட்டு 'காலத்தால் சோதிக்கப்பட்ட' என்று நான் எழுதினேன். அந்த வாரமே, அடுத்த கூட்டத்துக்கு, மூன்று கடைகளிலிருந்து மூன்று பெட்டிகள் மாதிரிக்கு வந்தன. கறுப்புப் பெட்டியில் அறுநூற்று இருபது விளையாட்டுகள். சாம்பல் நிறப் பெட்டியில் முந்நூறு. மூன்றாவது, பெட்டியே இல்லாமல் ஒரு பெரிய பிடியாக இருந்தது. அதற்குள் தொண்ணூற்றெட்டு. பிசியோ மேடம் மூன்றையும் கையில் எடுத்துப் பொத்தான்களை அமுக்கிப் பார்த்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"கறுப்புதான் சார். சாம்பல்ல பட்டன் கல்லு மாதிரி இருக்கு. பிடியோட வயர் ரெண்டடிதான், டிவி மேலயே உக்காந்துதான் ஆடணும். கறுப்பு மெதுவா இருக்கு, வயரும் நீளம்."

பொறியாளர் வயரை அளந்து, "சரியாச் சொல்றாங்க" என்றார்.

விதிப்புலி சிரித்தார். சின்னப் பிள்ளையிடம் சிரிப்பது மாதிரி. "ஒரு ஆள் தேர்ந்தெடுத்தா அது ஆசைம்மா. குழு தேர்ந்தெடுத்தாத்தான் தேர்வு. விதி பதினேழு என்ன சொல்லுது? 'வாங்கப்படும் கருவி செய்யக்கூடிய ஒவ்வொரு செயலையும் குழு நேரில் கண்டு சான்றளிக்க வேண்டும்.' ரத்த அழுத்தம் பாக்கற மெஷினுக்கு மூணு செயல். பாத்தோம், கையெழுத்துப் போட்டோம். இதுக்கு?"

பொறியாளர் கூட்டிப் பார்த்தார். "ஆயிரத்துப் பதினெட்டு."

ஒருவரும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ஒருவேளை அங்கேயே முடிந்திருக்கும். 'மூன்று மாதிரிகளின் ஆயிரத்துப் பதினெட்டு செயல்களையும் குழு நேரில் காணும்' என்று அழகான கையெழுத்தில் எழுதினேன்.

மாநாட்டு அறையின் டிவியில் கறுப்புப் பெட்டியை முதலில் செருகினார்கள். திரைச்சீலைகள் மூடப்பட்டன. கதவில் 'முக்கியக் கூட்டம்' பலகை. முதல் விளையாட்டில் ஐந்து தவளைகள் ஒவ்வொன்றாக, மிதந்து வரும் மரக்கட்டைகளில் குதித்து ஓடையைத் தாண்ட வேண்டும். கண்காணிப்பாளர் கண்ட்ரோலரைக் கோப்பைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தார். தவளை தண்ணீரில் விழுந்தது. மறுபடி விழுந்தது. ஒன்பதாவது முறையும் விழுந்தது.

"சரி, வேலை செய்யுது. அடுத்தது," என்றார் அவர், வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

"மன்னிக்கணும் சார்," என்றார் விதிப்புலி. "செயல்னா தொடக்கமும் இருக்கணும், முடிவும் இருக்கணும். தவளை அந்தக் கரைக்குப் போனதை நாம பாக்கல. போகும்னு எப்படிச் சான்று குடுக்கறது?"

"தவளை போகாததுக்குக் காரணம் நான் இல்லையா?"

"அதைத்தான் சார் நிரூபிக்கணும். கருவியோட குறையா, குழுவோட குறையான்னு."

எல்லாரும் மாற்றி மாற்றி ஆடினார்கள். பிற்பகல் மூன்று மணி வரை ஒரு தவளைகூடக் கரை சேரவில்லை. நான் ஓரத்தில் உட்கார்ந்து 'தவளை 31: மூழ்கியது, தவளை 32: மூழ்கியது' என்று எழுதிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூட நாட்களில் எதிர்வீட்டில் இதே மாதிரிப் பெட்டி இருந்தது. லீவு முழுக்க அங்கேதான் கிடப்பேன். அப்படிப்பட்டவனுக்கு வாய் சும்மா இருக்குமா?

"சார், மரக்கட்டை பக்கத்துல வந்தப்புறம் குதிக்கக் கூடாது. வர்றதுக்கு முன்னாடியே குதிச்சிடணும்," என்றேன்.

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பதினோரு வருடத்தில் முதல் தடவை. கண்காணிப்பாளர் கண்ட்ரோலரை நீட்டினார். நான் ஆடினேன். ஐந்து தவளைகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கரை ஏறின. அறையில் கைதட்டல்.

மறுநாள் காலை நான் அறைக்குள் நுழைந்தபோது கண்காணிப்பாளர் சொன்னார்: "வாங்க, வாங்க. உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம்."

'ஏம்பா' போய் 'வாங்க' வந்துவிட்டது. என்னைச் சிறப்பு அழைப்பாளராகச் சேர்த்துத் தீர்மானம் போட்டார்கள். அந்தத் தீர்மானத்தையும் நானே எழுதினேன். வழக்கத்தைவிடப் பெரிய எழுத்தில் எழுதினேன். சந்தோஷத்தில்தான்.

ஒரு நாளைக்கு முப்பத்துநான்கு விளையாட்டுகள் என்று கணக்கு வைத்தோம். காலையில் பதினேழு, டீ, பிற்பகலில் பதினேழு. நூற்றுப் பன்னிரண்டாவது விளையாட்டில் வாத்துகள் பறக்கும், அவற்றைச் சுட வேண்டும். கண்காணிப்பாளர் அதைப் பார்த்து மிகவும் வேதனைப்பட்டார்.

"இது சரியில்லையே. ஏற்கெனவே அடிபட்டு வந்திருக்கற ஆளுங்க மனசு என்ன பாடுபடும்? பாவம் ஒரு பறவை, அதைப் போய்... எங்க, இன்னொரு தடவை சுடுங்க, பாப்போம். குடுங்க, நானே பாக்கறேன். வன்முறை எந்த அளவுக்கு இருக்குன்னு தெரிஞ்சாத்தானே எதிர்க்க முடியும்?"

அவர் அன்று மாலை வரை எதிர்த்தார். குறிப்பேட்டில் 'மனிதாபிமானக் கோணத்தில் விரிவாக ஆராயப்பட்டது' என்று எழுதினேன்.

முப்பத்துநாலாவது விளையாட்டும் இருநூற்றுப் பன்னிரண்டாவது விளையாட்டும் ஒன்றேதான், பெயர் மட்டும் வேறு என்று கண்டுபிடித்தவர் பொறியாளர். "ஒரே ஆள் ரெண்டு பேர்ல வேலைக்குச் சேர்ந்த மாதிரி இருக்கே," என்று அதிர்ந்துபோனார். அப்படிப் பார்த்தால் அறுநூற்று இருபதில் பாதி இரட்டைதான். பாதியை விட்டுவிடலாமா என்று நான் கேட்டேன். அப்போது எனக்குள் கொஞ்சம் மனசாட்சி மிச்சம் இருந்தது.

"ரெண்டும் ஒண்ணுதான்னு எப்படித் தெரியும்?" என்றார் விதிப்புலி. "ரெண்டையும் கடைசிவரை ஆடினாத்தான் தெரியும்."

அதையும் ஆடினோம். யாரும் தூங்கவில்லை, யாரும் அவசர வேலை என்று எழுந்து போகவில்லை. எங்கள் நிலையத்தின் வரலாற்றிலேயே உறுப்பினர்கள் எல்லாரும் நேரத்துக்கு முன்பே வந்து சேர்ந்த ஒரே குழு அதுதான்.

வீட்டில் மனைவி என் கையைப் பிடித்துப் பார்த்தாள். "ஆபீஸ்ல அப்படி என்ன வேலை, கட்டை விரல்ல கொப்புளம்?"

"சோதனை நடக்குது."

"யாரைச் சோதிக்கிறீங்க?"

எனக்குக் கோபம் வந்தது. நிறுவனத்தின் முக்கியமான பொறுப்பைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும் என்று ஏதோ சொன்னேன். அவள் விரலுக்கு மருந்து போட்டுவிட்டுப் போனாள்.

ஒரு பிற்பகல் டீ வாங்க வெளியே வந்தபோது தையல்கார அக்காவை நடைபாதையில் பார்த்தேன். கையில் பாதி திறந்த கட்டு, அதற்குள் ரப்பர் பந்து. ஜன்னல் ஓரம் நின்று அமுக்கிக்கொண்டிருந்தார். உதட்டைக் கடித்திருந்தார்.

"தம்பி, அந்த கேம் பெட்டி வந்துடுச்சாமே? மேடம் சொன்னாங்க."

"வந்துடுச்சுக்கா. சோதனை நடக்குது."

"நல்லாப் பாத்து வாங்குங்க. அப்புறம் ரிப்பேர் ஆயிட்டா உங்களுக்குத்தானே கெட்ட பேர்." பிறகு கொஞ்சம் தயங்கி, "எட்டு வாரம் ஆச்சு. ஊசியில நூல் கோக்கற அளவுக்கு வந்தாக்கூடப் போதும் தம்பி. கத்திரியெல்லாம் இடது கையில பழகிக்குவேன்," என்றார்.

டீ ஆறிவிடும் என்று நான் வேகமாக நடந்தேன்.

அக்காவின் ஆபரேஷன் முடிந்த ஒன்பதாவது வாரத்தின் வெள்ளிக்கிழமை சோதனை முடிவுக்கு வந்தது. சாம்பல் பெட்டியும் பிடியும் கழித்துக்கட்டப்பட்டுவிட்டன, சாம்பலுக்குப் பொத்தான் கல் மாதிரி, பிடிக்கு வயர் ரெண்டடி என்ற காரணங்களால். கறுப்புப் பெட்டிதான் தேர்வு. ஆயிரத்துப் பதினேழு விளையாட்டுகளுக்கு நேராகவும் 'கண்டோம்' என்று எழுதியாகிவிட்டது. கடைசி ஒன்றையும் நான் நான்கு நிமிடத்தில் முடித்தேன். சான்றிதழில் கையெழுத்துப் போட்டால் அன்று மாலையே பெட்டி இரண்டாம் வார்டுக்குப் போய்விடும்.

கண்காணிப்பாளர் பேனாவைத் திறந்தார். திறந்து வைத்துக்கொண்டு டிவியையே பார்த்தார். "அப்ப இன்னையோட முடிஞ்சிடுது?"

"முடிஞ்சிடுது சார்," என்றார் பொறியாளர். கண்ட்ரோலரின் வயரை மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தார். விதிப்புலி விதிப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எனக்குத் திங்கட்கிழமை கண்முன் வந்தது. திங்கட்கிழமை இவர்கள் பேசுவார்கள், நான் ஓரத்தில் எழுதுவேன். 'ஏம்பா, அந்த ஜன்னல்.' யாரும் என்னைக் கேட்கவில்லை, யாரும் தூண்டவில்லை. நானாகத்தான் வாயைத் திறந்தேன்.

"சார், நானூத்திப் பதினொண்ணுல ஒரு சந்தேகம். மூணாவது கட்டத்துல திரை ஒரு நொடி நின்ன மாதிரி இருந்துது."

நிற்கவில்லை. எதுவும் நிற்கவில்லை. ஆற்றொழுக்காக ஓடிய விளையாட்டு அது.

மூன்று முகங்களும் ஒரே நேரத்தில் மலர்ந்தன. கண்காணிப்பாளர் பேனாவை மூடினார். "பாத்தீங்களா? இந்தக் கண்ணு யாருக்கு வரும்? இதுக்குத்தான் அனுபவம் வேணும்கறது. ஒரு நொடிதானேன்னு நாம விட்டிருப்போம். அந்த ஒரு நொடியில ஒரு நோயாளியோட நம்பிக்கையே போயிருக்கும்!"

விதிப்புலி புத்தகத்தைப் பிரித்தார். அவர் குரலில் நன்றி இருந்தது. "விதி பத்தொன்பது. சந்தேகம் எழுந்தா, வேற ஒரு மாதிரி வாங்கி முதல்லேருந்து சோதிக்கணும்."

முதலிலிருந்து என்றால் தவளையிலிருந்து. அறுநூற்று இருபதும்.

அன்று மாலை பிசியோ மேடம் என் மேஜைக்கு வந்தார். உட்காரவில்லை.

"தம்பி, நீங்க பாத்துதான் சொன்னீங்களாமே. நிஜமாவே நின்னுதா?"

இப்போதாவது சொல்லியிருக்கலாம். அறையில் வேறு யாரும் இல்லை. சந்தேகம் தீர்ந்துவிட்டது என்று ஒரு வரி எழுதினால் திங்கட்கிழமை பெட்டி வார்டுக்குப் போயிருக்கும். எனக்கு இரண்டு திட்டு விழுந்திருக்கும், அவ்வளவுதான்.

"நின்னுது மேடம்," என்றேன்.

"ஒரு நொடி?"

"ஒரு நொடி."

"அவங்களுக்கு மூணு வாரம்தான் இருக்கு."

"நான் என்ன மேடம் பண்றது? விதி."

அந்த வார்த்தை என் வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக வந்தது. மேடம் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நான் மாநாட்டு அறைக்குப் பின்பக்கப் படிக்கட்டு வழியாகப் போக ஆரம்பித்தேன், இரண்டாம் வார்டைத் தாண்ட வேண்டாம் என்பதற்காக.

புது மாதிரி வந்து சேர ஒரு வாரம். சோதனைக்கு நான்கு வாரம். நானூற்றுப் பதினொன்றை மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். திரை நிற்கவில்லை. 'குறை நீக்கப்பட்டது' என்று எழுதச் சொன்னார்கள், எழுதினேன். கண்காணிப்பாளர் என் தோளைத் தட்டி, என் பெயரைப் பாராட்டுப் பட்டியலுக்குச் சிபாரிசு செய்திருப்பதாகச் சொன்னார். நான் நன்றி சொன்னேன்.

பதினைந்தாவது வாரம் ஒப்படைப்பு விழா. இரண்டாம் வார்டு டிவிக்கு மேல் துணிப் பதாகை, பெட்டியைச் சுற்றிச் சிவப்பு நாடா. நோயாளிகளை வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். முன்வரிசையில் தையல்கார அக்கா. விண்ணப்பமே அவருக்காக வந்தது என்பதால் அவர்தான் முதல் பொத்தானை அமுக்க வேண்டும் என்று ஏற்பாடு.

கண்காணிப்பாளர் பேசினார்: "ஒரு சாதாரணப் பொருளை வாங்கறதுக்கு இவங்க ஏன் இவ்வளவு நாள் எடுத்துக்கிட்டாங்கன்னு சிலர் கேக்கலாம். பெருமையாவே சொல்றேன், நாங்க அவசரப்படல. நோயாளிகளுக்குப் போய்ச் சேர்ற ஒவ்வொரு விளையாட்டையும் நாங்க முதல்ல ஆடிட்டோம். ரெண்டு தடவை ஆடிட்டோம். எந்தக் கஷ்டமா இருந்தாலும் அது முதல்ல எங்களுக்கு வரட்டும்னு நெனச்சோம். இனிமே இந்தப் பெட்டியில நீங்க கண்டுபிடிக்கறதுக்கு ஒண்ணுமே பாக்கி இல்ல!"

கைதட்டினார்கள். பொறியாளர் நாடாவை வெட்டி, கண்ட்ரோலரை அக்காவின் மடியில் வைத்தார். ஒரு பொத்தான் தேய்ந்து லேசாக ஆடியது. "நல்லாப் பழகின பட்டன்," என்றார் அவர்.

அக்கா வலது கையைத் தூக்கிக் கண்ட்ரோலர் மேல் வைத்தார். விரல்கள் பாதி மடங்கிய நிலையில் அப்படியே இருந்தன. கட்டை விரலைப் பொத்தானை நோக்கிக் கொண்டுபோனார். முழங்கை அசைந்தது, தோள் அசைந்தது. விரல் அசையவில்லை. மறுபடி முயன்றார். முகம் சிவந்தது. புகைப்படக்காரர் காத்திருந்தார்.

"பரவால்ல, பரவால்ல," என்றார் கண்காணிப்பாளர். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க வாங்களேன். கொஞ்சம் உதவி பண்ணுங்க."

நான் போனேன். அக்கா நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். மற்றவர்கள் முன்னால் விரல் மடங்காமல் போனதற்கு அவர்தான் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார். ஒரு குற்றமும் செய்யாத அந்த மனுஷி.

"நீங்க ரொம்ப நல்லா ஆடுவீங்களாமே தம்பி, எல்லாரும் சொல்றாங்க," என்றார் மெதுவாக. "எனக்கு இனிமே எதுக்கு? நீங்களே ஆடுங்க. நான் பாக்கறேன்."

பிசியோ மேடத்தைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. திரை நிற்கவில்லை அக்கா, நான் பொய் சொன்னேன் அக்கா. இரண்டே வாக்கியம். கண்காணிப்பாளர் புன்னகையோடு தலையசைத்தார். நான் கண்ட்ரோலரை வாங்கிக்கொண்டேன்.

தவளை வந்தது. வேண்டுமென்றே தோற்றுவிட நினைத்தேன், தண்ணீரில் விழவிட்டு ஒரு மன்னிப்பு கேட்டதாக வைத்துக்கொள்ளலாம் என்று. விரல்கள் கேட்கவில்லை. மரக்கட்டை வருவதற்கு முன்பே அவை குதித்தன. ஐந்து தவளைகளும் கரை ஏறின. வார்டு முழுக்கக் கைதட்டியது.

அக்காவும் தட்டினார், இடது கையால், தன் தொடையில்.